வியாழக்கிழமைப் படத்தின் முடிவு

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்கிற ஒரே உருப்படியான வேலை, அந்த வாரம் தொலைக்காட்சியில் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று சொல்வது. சிரம்பானில் தெமியாங் பக்கம் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, கட்டண அலைவரிசையின் நிகழ்ச்சி நிரலை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்ப்பேன். அது ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கும். எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்து ஆட்களில் பலருக்கு அதைப் படிக்கக் கண் போதாது, அல்லது எழுத்து தெரியாது. நான் படித்து, தமிழில் பேசிப் பதிவு செய்து, கைப்பேசியில் இருக்கும் தோட்டத்துக் குழுவில் போடுவேன். படங்களின் பெயரைச் சொல்வதில்லை. பெயர் யாருக்கும் நினைவிருப்பதில்லை, கதைதான் நினைவிருக்கிறது.

இந்த வாரம் சொன்னவை இவை. திங்கள் மத்தியானம், ஒரே பேருந்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கும் அண்ணன் தம்பி படம். சிரிக்கலாம். பின்பாதி நீளம், நடுவில் சோறு வடிக்க எழுந்து போனாலும் கதை விட்டுப்போகாது. புதன்கிழமை, வாய் பேசாத மகளுக்கு மாப்பிள்ளை தேடும் தபால்காரர் படம். பாட்டுக்காகப் பார்க்கலாம். இதய நோய் உள்ளவர்கள் கடைசி அரைமணி நேரம் எழுந்து உலாத்திவிட்டு வருவது நல்லது. வெள்ளிக்கிழமை ஒரு புதுப் படம். வெட்டும் குத்தும்தான், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

வியாழக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டேன். அன்று பகலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தார்கள். குடிகாரக் கணவனிடம் அடிபட்டுக் கிடக்கும் ஒருத்தி, தன் தையல் இயந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டை விட்டு வெளியேறும் கதை. நிரலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

துறையூரிலிருந்து பத்திரிகை நடத்தும் ஒரு தம்பி, "அங்கே உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது, எங்கள் வாசகர்களுக்கு எழுதுங்கள்" என்று இரண்டு முறை கேட்டிருந்தார். எழுத ஒன்றுமில்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் எழுத இருக்கிறது.

2

நான் துறையூர்க்காரன். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டேன். திருச்சியில் இன்டர்மீடியட் முடித்த கையோடு மலாய் நாட்டுக்குக் கப்பலேறினேன். இங்கே ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக இருந்த சித்தப்பா, தனக்குப் பின் நாற்காலி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று என்னை அழைத்துக்கொண்டார். தோட்டம் புக்கிட் பெலண்டோக்குக்கு உள்ளே, சாலை முடிகிற இடத்தில் இருந்தது. மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் செத்த செய்தியைத் தந்தியில் படித்தேன்.

இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. நான் வைத்திருப்பது சிவப்பு. இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அர்த்தம். இளமையில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு எதற்கு என்று விட்டேன். பிறகு மூன்று முறை விண்ணப்பித்தேன். போன வருடம் அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போனபோது முகப்பில் இருந்த பெண் என் மலாயைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். கேலியாக அல்ல. "தாத்தா பேசுவது பழைய கடைத்தெரு மலாய், இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை" என்றாள். ஊரிலிருந்து அக்கா மகன் தொலைபேசியில் பேசினால் என் தமிழைக் கேட்டு அதையே சொல்கிறான். இரண்டு மொழியிலும் நான் செத்துப்போன காலத்தைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் பெர்த்தில் இருக்கிறான். ஞாயிறு மத்தியானம் திரையில் வருவான். பேத்தி கையசைப்பாள். ஒருமுறை அவளுக்கு ஒரு நல்ல படம் சொன்னேன். அடுத்த வாரம் கேட்டபோது மகன் சிரித்தான்.

"அவ முடிவ மொதல்ல ஓட்டிப் பாத்துருவாப்பா. நல்ல முடிவா இருந்தாத்தான் படத்தையே பாப்பா. உங்க படத்துல கடைசில அழுறாங்களாம், வேணாம்னுட்டா."

முடிவை அறியாமலே வாழ்நாள் முழுக்கப் படம் பார்த்த நானூறு பேருக்கு நடுவில் நான் இருந்தேன் என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

3

எங்கள் தோட்டத்தில் மின்சாரம் இஞ்சினிலிருந்து வந்தது. மாலையில் முடுக்குவார்கள், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர்கள் விடிவதற்கு முன்னே எழ வேண்டும், நேரத்தோடு தூங்கட்டும் என்பது துரையின் உத்தரவு. துரை என்றால் மேலாளர். வெள்ளைக்காரர் போய் நம் ஆள் வந்த பிறகும் பெயர் துரைதான்.

தோட்டத்து மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம். செய்தி முடிந்து படம் ஆரம்பிக்கும். முடிய பத்தரைக்கு மேலாகும். தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து பாயும் தலையணையுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கதாநாயகன் கத்தியை ஓங்கிய கையோடு பெட்டி இருண்டுவிடும். ஒரு சத்தம் எழும், ஏமாற்றமும் சிரிப்பும் கலந்த சத்தம். பிறகு எழுந்து போய்விடுவார்கள். வாரா வாரம் இப்படித்தான்.

அலுவலகக்காரர்களின் வீடுகளுக்கு மட்டும் ஆலையிலிருந்து தனிக் கம்பி. என் வீட்டில் விளக்கு அணையாது. நான் மீதிப் படத்தையும் பார்த்துவிடுவேன்.

மறுநாள் விடிகாலை பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்தப் பக்கம் மரம் என்று பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். பெயர் கூப்பிடுவது நான். முதலில் யாரோ ஒரு கிழவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்புறம் அது பெரட்டின் ஒரு பகுதியாகிவிட்டது.

"ஐயா, முடிவு?"

"மொதல்ல பேரு. அப்புறம் முடிவு."

"சும்மா சொல்லுங்க ஐயா. வந்துட்டோம்ல, ஓடியா போறோம்?"

நான் சொல்வேன். இருட்டில், ஒற்றை விளக்கின் கீழே, வாளியும் அதைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்புமாக நிற்கிறவர்கள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். நான் நன்றாகச் சொல்வேன் என்று பெயர். கல்லூரியில் நாடகத்தில் நடித்தவன். வில்லன் குரல், தாயின் அழுகை, எல்லாம் வரும்.

சில வாரம் கழித்து முடிவுகளை மாற்றவும் தொடங்கினேன். முதல் பொய்யைச் சொல்லச் சொன்னவர் சின்னப்பன் மண்டோர். கங்காணியைப் போல ஆட்களை மேய்ப்பவர் மண்டோர். நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். "ஐயா, தாய் செத்துப் போற படத்தச் சொன்னா பொம்பளைங்க மூஞ்ச தூக்கிக்கிட்டே மரம் வெட்டுதுங்க. பொழைக்க வச்சிருங்களேன்" என்றார். பிழைக்க வைத்தேன். அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டே காட்டுக்குள் போனார்கள். அதற்குப் பிறகு கைக்கு வந்தபடி பிழைக்க வைத்தேன், சேர்த்து வைத்தேன், திருத்தினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

4

தவமணி பால்வெட்டுக்காரி. கணவன் சிங்காரமும் பால்வெட்டுக்காரன். தோட்டத்தில் அவன் கத்திக்கு ஈடில்லை என்பார்கள். சம்பளத்துக்கு மறுநாள் தவமணி பெரட்டுக்கு முக்காடு போட்டுக்கொண்டு வருவாள். குளிர் என்பாள். யாரும் குளிருக்கு முக்காடு போடுகிற ஊர் இல்லை இது. எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு ஒரு மகள், அப்போது பள்ளிக்கூடம் போகாத வயது. லிங்கியில் ஒரு தோட்டத்தில் தவமணியின் அண்ணன் இருந்தார்.

அந்தத் தையல் இயந்திரப் படம் வந்த வாரம், பெட்டி இருண்டபோது கதாநாயகி ரயிலடியில் நிற்கிறாள். கையில் பிள்ளை, காலடியில் இயந்திரம். கணவன் தூரத்தில் ஓடி வருகிறான். அத்தோடு இருட்டு.

மறுநாள் பெரட்டில் எப்போதும் கேட்கிறவர்கள் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதுவரை ஒருநாளும் என்னிடம் கேள்வி கேட்காதவள்.

"ஐயா, அந்தப் பொம்பள ரயில் ஏறிட்டாளா?"

"ஏறுனா டிக்கெட்டு நீ எடுத்துக் குடுக்கப் போறியா தவமணி?" என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. சிங்காரமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

படத்தில் அவள் ஏறிவிடுகிறாள். கணவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். அவள் பேசாமல் உள்ளே போய் உட்கார்கிறாள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு முடிவை யாரும் எடுக்க மாட்டார்கள். அதனாலேயே அந்தப் படம் ஓடவில்லை. முந்தின இரவு என் வீட்டில் தனியாக அதைப் பார்த்துவிட்டு, நல்ல படம் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

பெரட்டில் இப்படிச் சொன்னேன்:

"ஏறல மா. புருஷன் ஓடி வந்து கால்ல விழுந்துட்டான். இனிமே தொட மாட்டேன்னு பிள்ள தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணான். திரும்பி வந்துட்டா."

கை தட்டினார்கள். "பாத்தியா, பொம்பளன்னா பொறுக்கணும் லா" என்றார் சின்னப்பன் மண்டோர். தவமணி வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏன் சொன்னேன்? பால் நன்றாக இறங்கும் பருவம். புருஷனும் பெண்சாதியும் பிரிந்து இருவரும் போய்விட்டால் இரண்டு ஆள் வெட்டும் மரம் சும்மா நிற்கும் என்ற கணக்கு என் தலைக்குள் ஓடியது. அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. ரயில் ஏறிவிட்டாள் என்று சொல்லியிருந்தால் பெரட்டு அமைதியாகியிருக்கும். சிங்காரம் என்னைப் பார்த்திருப்பான். நான் கைதட்டலுக்குப் பழகியிருந்தேன். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் தவமணி செத்துப்போனாள். குழாயடியில் வழுக்கி விழுந்து மண்டையில் அடி என்றார்கள். பல வாரமாக மழை இல்லை; குழாயிலும் தண்ணீர் வரவில்லை; குழாயடி மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. காவல்துறையினர் வந்து கேட்டபோது வழுக்கி விழுந்தாள் என்று தோட்டமே சொன்னது. நானும் தலையாட்டினேன். சிங்காரம் வேறு தோட்டத்துக்குப் போய்க் குடித்தே செத்தான். மகளை லிங்கி அண்ணன் எடுத்து வளர்த்தார்.

5

அந்த மகள் மல்லிகா. செவ்வாய், வியாழன், சனி எனக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நாட்கள். நன்கொடையில் நடக்கும் ஒரு நிலையத்தில் நாற்காலியில் சாய்ந்து, கையில் ஊசியோடு, சுவரில் ஓடும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் கிடப்பேன். அங்கே போர்வை கொடுத்து, பானம் கொடுத்து, எங்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் அவள். ஐம்பதைத் தாண்டியவள். நான் சேர்ந்த அன்றே "கிராணி ஐயாதானே?" என்று கண்டுபிடித்துவிட்டாள். தோட்டத்துக் குழுவில் என்னைச் சேர்த்ததும் அவள்தான். எனக்கு மட்டும் போர்வையைக் கால் விரல் மூடும்படி இழுத்துவிடுவாள். இரண்டு வருடமாக அந்த அன்பை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நாற்காலியில் சாய்ந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து லாரி ஓட்டிய ஆறுமுகம் ஆரம்பித்தார்.

"ஐயா சொல்ற படமெல்லாம் அழுவாச்சி லா. நல்ல சண்டப் படமா சொல்லுங்க. ரத்தம் சீக்கிரம் சுத்தமாவும்."

"உங்க ரத்தத்துல சுத்தமாக்க என்னா இருக்கு அங்கிள், எல்லாம் டீசல்" என்றாள் மல்லிகா. பிறகு என் பக்கம் குனிந்தாள். "ஐயா, இந்த வாட்டி ஒண்ண விட்டுட்டீங்க. வியாழக்கிழம தையல் மிஷின் படம் போடுறான். விளம்பரத்துல பாத்தேன்."

"அப்படியா மா? கவனிக்கல."

"எங்கம்மா படம் ஐயா அது. மாமா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். கடைசில புருஷன் கால்ல விழுந்து, பிள்ள தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுவானாம். மாமா எத்தன தடவ கூப்பிட்டாராம், வந்துரு தங்கச்சின்னு. 'படத்துலயே திருந்துறான் அண்ணே, இவரு திருந்த மாட்டாரா'ன்னுச்சாம் அம்மா. அப்பா திருந்துறதுக்குள்ள அதுக்கு ஆயுசு இல்லாமப் போச்சு."

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது எந்தப் படத்திலும் இல்லை. அந்த ஒற்றை விளக்கின் கீழே நின்று நானாகச் சேர்த்த வரி அது. எத்தனையோ வருடம் கழித்து அவள் வாயிலிருந்து அது திரும்பி என்னிடம் வந்தது.

அவள் அத்தோடு நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஷாமினி வீட்டுக்கு வந்துருச்சு ஐயா." ஷாமினி அவளுடைய ஒரே மகள், நீலாயில் கட்டிக் கொடுத்திருந்தாள். "மாப்பிள்ள கை நீட்டிட்டாரு. ஒரு வாட்டி இல்ல. காது கிட்ட வீங்கிக் கெடக்கு. எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா அறுத்துக்கிட்டு வந்துட்டா நாளைக்கு யாரு பாப்பா? வெள்ளிக்கிழம கொண்டு போயி விட்டுட்டு வரலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி வியாழக்கிழம இங்க கூட்டிக்கிட்டு வந்து இந்தப் படத்தக் காட்டணும். நான் சொன்னா 'ஓல்டு ஸ்டோரி'ங்குது. கண்ணால பாக்கட்டும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நல்ல படம்" என்றேன்.

6

வியாழக்கிழமை ஷாமினி வந்திருந்தாள். என் நாற்காலிக்கும் ஆறுமுகத்தின் நாற்காலிக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியைக் காதின் மேல் இழுத்து விட்டிருந்தாள். மல்லிகா வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து திரையைக் காட்டினாள்.

"பாரு, ஆயா பாத்த படம்."

"பாக்குறேன்மா. சவுண்டு கம்மியா இருக்கு லா."

படம் ஓடியது. நான் இதற்கு முன் ஒரே ஒரு முறை பார்த்த படம். ஒவ்வொரு காட்சியும் நினைவிருந்தது. ஷாமினி மெல்ல மெல்லக் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டாள். கதாநாயகி இயந்திரத்தைத் தலையில் தூக்கிய இடத்தில் அவள் கை காதுக்குப் போனது. ரயிலடி வந்தது. கணவன் தூரத்தில் ஓடி வருகிறான். அந்த இடத்தில் விளம்பரம் போட்டார்கள்.

"இப்பத்தான் இருக்கு பாரு" என்று மல்லிகா துவைத்த துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு மகள் பின்னால் வந்து நின்றாள். "கால்ல விழுவான்."

"மல்லிகா" என்றேன். "விழ மாட்டான் மா."

"என்னா ஐயா?"

"அவ ரயில் ஏறிப் போயிருவா. திரும்ப மாட்டா. படத்துல அதுதான் முடிவு. உங்கம்மா முடிவப் பாக்கல. பத்து மணிக்குக் கரண்டு போயிரும். மறுநாள் பெரட்டுல என்கிட்டக் கேட்டா. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "மாத்தின்னா?"

"பொய் சொன்னேன். உங்கப்பன் நின்னுக்கிட்டிருந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அவ திரும்பி வந்துட்டான்னு சொன்னேன். பிள்ள தலைல சத்தியம் பண்ணதெல்லாம் நான் சேத்தது."

திரையில் ஒரு பெண் சலவைத் தூளைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் ஊசி இருந்தது; எழுந்து போக முடியாது. மல்லிகா போயிருக்கலாம். போகவில்லை.

"அன்னைக்குக் காலைல எங்க வீட்ல ஒரு மூட்ட இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "எனக்கு நெனப்பிருக்கு. அம்மா வெயில் ஏற வந்துச்சு. 'போகல, பிரி'ன்னுச்சு. நான்தான் பிரிச்சேன். என் சிவப்புப் பாவாடை உள்ள இருந்துச்சு. சந்தோஷமாப் பிரிச்சேன் ஐயா."

அந்த மூட்டையைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது.

விளம்பரம் முடிந்தது. கணவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ரயில் நகர்ந்தது. மூவரும் கடைசி எழுத்து வரும்வரை பார்த்தோம்.

"என்னா லா இது, அவன் நிக்கிறான் இவ போறா, முடிவே இல்லாம முடிச்சுட்டான்" என்றார் ஆறுமுகம்.

மல்லிகா அவரைப் பார்க்கவில்லை. "அம்மா வழுக்கித்தானே விழுந்துச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

"பல வாரமா மழை இல்ல மா. கொழாயடி காஞ்சு கெடந்துச்சு."

ஷாமினி எழுந்தாள். அம்மாவின் கையிலிருந்த துண்டுகளை வாங்கி ஸ்டூலில் வைத்தாள். "வாம்மா, வெளிய போலாம்" என்றாள். இருவரும் போனார்கள். எனக்கு ஊசியைக் கழற்றிவிட வேறொருவர் வந்தார்.

7

இன்று சனிக்கிழமை. போர்வை கொண்டுவந்தவள் புதுப் பெண். "மல்லிகா ஆன்டி அந்தப் பக்கம் மாத்திக் கேட்டுக்கிட்டாங்க தாத்தா" என்றாள். போர்வை கணுக்காலோடு நின்றது.

முடிந்து வெளியே வாடகை வண்டிக்குக் காத்திருந்தபோது மல்லிகாவே வந்தாள். எதிரில் நிற்காமல் பக்கத்தில் நின்றாள்.

"நேத்து நீலாய் போயி ஷாமினி சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துட்டோம். என்கிட்டயே இருக்கட்டும்."

"நல்லது மா."

"நீங்க நல்லதுன்னு சொல்ல வேணாம் ஐயா." அப்போதும் ஐயா என்றுதான் சொன்னாள். "பெரட்டுல எல்லாரு முன்னாடியும்தானே சொன்னீங்க? எல்லாரு முன்னாடியும் மாத்திச் சொல்லுங்க. குரூப்புல சொல்லுங்க. அதுக்கப்புறம் என்கிட்டப் பேச வேணாம்."

வீட்டுக்கு வந்து நேரே கைப்பேசியை எடுத்தேன். படங்கள் சொல்லும் அதே குரலில் சொல்லிவிடக் கூடாது என்று தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினேன். தவமணி கேட்ட படத்தில் அந்தப் பெண் ரயில் ஏறிவிட்டாள், நான் பெரட்டில் சொன்னது பொய், அவள் எதற்காகக் கேட்டாள் என்று தெரிந்தே சொன்ன பொய். குழாயடி அன்று காய்ந்து கிடந்தது, அது தெரிந்தும் காவல்துறையினர் முன் தலையாட்டினேன். இவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையைப் போடவில்லை. அதைத் தவமணியிடம் கேட்க வேண்டும்; அவள் குழுவில் இல்லை.

கேட்டுவிட்டார்கள் என்பதை மட்டும் கைப்பேசி காட்டியது. அந்தப் பெரட்டில் நின்றவர்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, தவமணிக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவள், கடைசியில் குரல் பதிவு அனுப்பினாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"தெரியும் ஐயா. கொழாயடி காஞ்சு கெடந்தது எங்க எல்லாருக்கும் தெரியும். சத்தமும் கேட்டுச்சு. இப்ப எதுக்கு ஐயா அதப் பேசிக்கிட்டு?"

கீழே இரண்டு மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

மல்லிகாவும் அதைக் கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில், அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள் என்று ஒரு வரி வந்தது.